மாந்தீவும் மருந்தளவும்

மட்டக்களப்பு நகரத்தை அணைத்துக் கிடக்கும் வாவியின் நடுவே மாந்தீவு என்னும் பெயருடைய சிறு நிலப்பரப்பு ஒன்று உண்டு. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் போய்வருவோர் அதனைத் தொலைவிலிருந்து கண்டு செல்வர். ஆங்குக் கால்வைத்தோர் மிகச் சிலரே. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி தொட்டு அத்தீவு தொழுநோயாளருக்கென ஒதுக்கப்பட்ட வைத்தியசாலையாக இருந்து வந்தது. நோயுற்றாரை ஊராரிடமிருந்து பிரித்து வைப்பதற்கு 1901 ஆம் ஆண்டின் தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் அரசினருக்கு அதிகாரம் அளித்திருந்தது. தோலிலே உணர்ச்சியற்ற வெளிறிய படை ஒன்று. சுடுபானையைத் தூக்கியும் சுடுகை அறியாத விரல். வலைநூல் அறுத்த புண்ணைக் கண்ணாற் கண்ட பின்னரே உணரும் மீனவன். இவ்வடையாளங்கள் தோன்றியபின் ஒருவர் தோணியேறினால், அவர் மீண்டு வந்து தம் வீட்டு முற்றத்தில் இருப்பார் என்று எதிர்பார்த்த குடும்பங்கள் அரியன.

அத்தோணி வழியை இருவழிப் பாதையாக்கியது ஒரு சிறு வெள்ளை மாத்திரை. டப்சோன் என்பது அதன் பெயர். மாத்திரையின் புகழைப் பலர் எழுதியுள்ளனர். அதனை எவ்வளவு கொடுப்பது, எத்தனை நாட்களுக்கு ஒருமுறை கொடுப்பது, கொடுத்தது உடலிற் சேர்ந்ததா என்னும் வினாக்களுக்கு விடை கண்ட முறையைப் பற்றி எழுதினோர் குறைவு. அவ்விடை நோயாளியின் குருதியிலே கிடந்தது. குருதியிலே கரைந்திருக்கும் மருந்தை அளந்தறியும் கலையே இக்கட்டுரையின் பொருளாகும். டப்சோனின் வரலாறு அக்கலைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அக்கலையைப் பிழையாக விளங்கிக் கொண்டதால் நேர்ந்த தீமைக்கும் அதுவே எடுத்துக்காட்டு.

மருந்தின் அளவு என்றதும் நாம் நினைப்பது வாயில் இடப்படும் அளவையே. குன்றிமணி எடை, வராகன் எடை என நாட்டு வைத்தியர் நிறுத்துக் கொடுத்ததும், மில்லிகிராம் எனப் புதிய வைத்தியர் எழுதிக் கொடுப்பதும் இவ்வளவே. மிகுதியும் குறைவும் நோய்க்குக் காரணம் என்பதைத் திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வைத்தார். ஆயின் வாயிலிட்ட அளவு வேறு. உடலினுள்ளே நோயின் இருப்பிடத்தை அடையும் அளவு வேறு. விழுங்கிய மருந்தில் ஒரு பகுதி குடலிலே தங்கிக் கழியலாம். உறிஞ்சப்பட்டது ஈரலைக் கடக்கும்போது வேறு பொருளாக மாறலாம். எஞ்சியதிற் பெரும்பங்கு குருதிப் புரதங்களைப் பற்றிக்கொண்டு செயலற்றிருக்கலாம். ஒரே எடையுடைய இருவர், ஒரே நாளில், ஒரே மாத்திரையை உண்டாலும் அவர்தம் குருதியிலே காணப்படும் செறிவு ஒன்றாயிருப்பதில்லை.

இதனை விளக்க வாவியை விடச் சிறந்த உவமை இப்பகுதியாருக்குத் தேவையில்லை. மாரி காலத்தில் படுவான்கரைப் பக்கத்து ஆறுகள் வாவியிலே நீரைச் சொரிகின்றன. முகத்துவாரத்து மணற்றிட்டு அடைத்துக் கிடந்தால் நீர் ஏறி வயல்கள் அமிழ்கின்றன. திட்டு உடைந்தால், அல்லது வெட்டிவிடப்பட்டால், நீர் கடலுக்கு ஓடி மட்டம் தாழ்கின்றது. வாவியின் மட்டத்தை அறிய எவரும் மழையை மட்டும் அளப்பதில்லை. வருவதும் போவதும் சேர்ந்தே மட்டத்தைத் தீர்மானிக்கின்றன. ஆதலால் வாவியிலேயே ஒரு கோலை நட்டுப் பார்க்க வேண்டும். மாத்திரை மழை, சிறுநீரகமும் ஈரலும் முகத்துவாரம், குருதியில் மருந்தளத்தல் என்பது வாவியிற் கோல் நடுதல்.

கோலை நடும் இடம் எது? கையின் நாளத்திலிருந்து எடுக்கப்படும் குருதி உறையாதிருக்கும் பொருட்டு ஒட்சலேற்று அல்லது எப்பாரின் சேர்த்த குழாயில் இடப்படும். அக்குழாயை மையநீக்கப் பொறியிலே வைத்து விரைவாகச் சுழற்றினால், பாரமான செங்குழியங்கள் அடியிலே படிய, வைக்கோல் நிறமான தெளிநீர் மேலே நிற்கும். இத்தெளிநீரே திரவவிழையம், வைத்தியசாலைகளிற் பிளாஸ்மா என்று வழங்கப்படுவது. முழுக் குருதியை விட்டு இதனைத் தெரிந்தெடுப்பதற்குக் காரணங்கள் உண்டு. செங்குழியங்களின் சிவப்பு நிறம், நிறத்தைக் கொண்டு அளக்கும் முறைகளைக் குழப்பிவிடும். அன்றியும், மருந்து தசையையும் தோலையும் நரம்பையும் சென்றடைவது திரவவிழையத்தின் வழியாகவே. குழியங்கள் உடைந்து திரவவிழையம் சிவந்துவிட்டால் அந்த மாதிரி பயன்படாது. மீண்டும் ஊசி குத்தவேண்டியதுதான். குருதி எடுத்த நேரத்தையும் கடைசி மாத்திரை உண்ட நேரத்தையும் குறித்து வையாத மாதிரியும் ஏறக்குறைய அதே கதியை உடையது. அளவு சரியாயிருப்பினும் அதன் பொருள் என்னவென்று எவராலும் கூறமுடியாது.

இனி, மருந்தைக் கண்டுபிடிக்கும் முறை. 1930 களின் நடுப்பகுதியிலே சல்பா மருந்துகள் உலகெங்கும் பரவின. அவற்றை எவ்வளவு கொடுப்பது என்பதில் ஆளுக்கொரு கொள்கை இருந்தது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்த மார்ஷல் என்னும் பேராசிரியர், கொடுத்த மருந்து குருதியில் எவ்வளவு நிற்கின்றதென்று அறியாமல் அளவைப் பற்றி வாதிடுவது வீண் என்று கண்டார். அவரும் பிறற்றன் என்பாரும் 1939 ஆம் ஆண்டிலே வெளியிட்ட முறை இன்றும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றது. டப்சோன் சல்பா மருந்துகளின் நெருங்கிய உறவு. ஆதலின் அம்முறை அதற்கும் பொருந்திற்று.

முறை எளியது, ஆனால் ஒழுங்கு தவறலாகாது. திரவவிழையத்தில் ஒரு மில்லிலீற்றரை அளந்தெடுத்து, நீரும் முக்குளோரோவசற்றிக்கமிலமும் சேர்த்து ஐந்து மில்லிலீற்றராக்குவர். புரதங்கள் வெண்ணிற வீழ்படிவாகத் திரண்டுவிடும். வடித்தால் நிறமற்ற தெளிகரைசல் கிடைக்கும். அதிலே சோடியம் நைத்திரைற்றுக் கரைசல் சிறிது சேர்க்கப்படும். டப்சோன் மூலக்கூற்றின் இரு முனைகளிலும் அமீன் என்னும் நைதரசன் கூட்டம் உண்டு. நைத்திரைற்று அதனை ஈரசோனியம் என்னும் நிலையற்ற பொருளாக மாற்றும். சில நிமிடங் கழித்து, மிஞ்சிய நைத்திரைற்றை அழிப்பதற்காக அமோனியம் சல்பமேற்று இடப்படும்; சிறு குமிழிகள் எழுந்து அடங்கும். ஈற்றிலே நத்தலீன் வழிவந்த ஒரு சேர்வையைத் துளித்துளியாகச் சேர்க்கும்பொழுது, அதுவரை வெறும் நீர் போலிருந்த கரைசல் நாவற்பழச் சாற்றை நீர் விட்டுக் கரைத்தாற் போன்ற செந்நீல நிறம் கொள்ளும். மருந்து இல்லாதவிடத்து நிறமும் இல்லை.

நிறத்தின் ஆழமே மருந்தின் அளவு. மருதமுனையிற் கைத்தறிக்கு நூல் தோய்ப்போர், சாயத்தொட்டியைக் கண்ணாற் பார்த்தே சாயம் போதுமா என்று சொல்லிவிடுவர். ஆய்வுகூடத்தில் அவ்வேலையை நிறமானி செய்கின்றது. கரைசலின் ஊடாக ஒரு குறித்த நிற ஒளியைச் செலுத்தி, எத்துணை ஒளி உறிஞ்சப்பட்டதென்று அது காட்டும். மருந்து இருமடங்கானால் உறிஞ்சலும் இருமடங்காகும். ஆதலால், அளவு தெரிந்த டப்சோனைக் கொண்டு நியமக் கரைசல்கள் சில ஆக்கி, அவற்றின் வாசிப்புகளைச் சதுரத்தாளிலே குறித்தால் நேர்கோடொன்று கிடைக்கும். நோயாளியின் மாதிரி காட்டும் வாசிப்பு அக்கோட்டில் எங்கே விழுகின்றதோ அங்கிருந்து செறிவைப் படித்துக் கொள்ளலாம். உதாரணமாக, வடிகரைசலில் மில்லிலீற்றருக்கு 0.4 மைக்கிரோகிராம் என்று கோடு காட்டினால், முதலில் ஐந்து மடங்காக நீர்த்திருந்தமையால், திரவவிழையத்தில் இருந்தது 2 மைக்கிரோகிராம். இவ்வைந்தாற் பெருக்கும் படியை மறந்துவிடுவது கணிதம் அறியாதார் செய்யும் பிழையன்று. நாள் முழுதும் குழாய்களோடு போராடிய நல்ல ஆய்வாளரும் மாலையிலே செய்யக்கூடிய பிழை. மருந்தே சேராத வெற்றுச் சோதனை ஒன்றும், மருந்துண்ணாத ஒருவரின் திரவவிழையத்திலே தெரிந்த அளவு மருந்தைக் கலந்து செய்யும் சோதனை ஒன்றும் ஒவ்வொரு முறையும் உடன் நிகழவேண்டும் என்று விதித்திருப்பது இதனாலேயே.

ஒரு மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இத்துணைச் சிறிய அளவினால் ஆகும் காரியம் யாது என்று கேட்பார்க்கு டப்சோனின் வரலாறே மறுமொழி.

டப்சோன் 1908 ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் பிறைபேர்க்கில் புறொம், விற்மான் என்னும் இருவராலே தொகுக்கப்பட்டது. அவர் நாடியது மருந்தன்று. சாய வேதியியலை ஒட்டியதோர் ஆய்விலே பிறந்த பொருள் அது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அஃது அலுமாரியில் உறங்கிற்று. 1937 ஆம் ஆண்டிலே இங்கிலாந்திலும் பிரான்சிலும் இருந்த ஆய்வாளர் அதனை எலிகளிற் சோதித்து, சங்கிலிக் கோளவுயிர்களை அழிப்பதில் அது சல்பனிலமைட்டிலும் பன்மடங்கு வலியதெனக் கண்டனர். வலிமை பெரிதாயின் நஞ்சும் பெரிதாயிருந்தது. சல்பா மருந்துகளைக் கொடுத்த பழக்கத்திலே இதனையும் கிராம் கணக்கில் மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தபோது செங்குழியங்கள் உடைந்தன. உதடுகள் நீலம் பாரித்தன. மருந்து கைவிடப்பட்டது. உண்மையிலே தவறு மருந்தினுடையதன்று, அளவினுடையது. டப்சோன் குருதியிலே நெடுநேரம் தங்குவது என்பதை அப்பொழுது அளந்து பார்த்தாரில்லை.

நஞ்சைத் தணிக்கும் பொருட்டு டப்சோனின் இரு முனைகளிலும் வேறு கூட்டங்களைப் பிணைத்துச் சில கூட்டுச் சல்போன்கள் ஆக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றாகிய புறொமினை 1941 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் வைத்தியசாலையிலே பஜே என்னும் வைத்தியர் நாளத்தினூடே ஏற்றினார். அதுகாறும் நீரடிமுத்து எண்ணெயை ஊசி வழியாக ஏற்றிக்கொண்டு வேதனைப்பட்ட நோயாளரின் புண்கள் ஆறத் தொடங்கின. ஆயின் அம்மருந்து விலையுயர்ந்தது. நாள்தோறும் நாளத்தில் ஏற்ற வேண்டுவது. ஆசியாவினதும் ஆபிரிக்காவினதும் இலட்சக் கணக்கான நோயாளருக்கு அது கிட்டும் பொருளன்று.

தமிழ்நாட்டுச் செங்கற்பட்டிலே தொழுநோய் வைத்தியசாலையை நடத்திய றொபேட் கொக்கிறேன் 1946 ஆம் ஆண்டளவில் ஒரு துணிவான காரியம் செய்தார். கூட்டுச் சல்போன்களை விட்டு, எல்லாரும் நஞ்சென்று ஒதுக்கிய டப்சோனையே எண்ணெயிற் கலந்து சிற்றளவில் ஊசி மூலம் கொடுத்தார். அதே காலத்தில் நைஜீரியாவின் உசுவாக்கோலியிலே ஜோன் லோ என்பார், மைக்கல் சிமித் என்னும் வேதியியலாரோடு சேர்ந்து நோயாளரின் குருதியை அளந்து பார்த்தார். வாய்வழி கொடுக்கப்படும் கூட்டுச் சல்போன்கள் உடலிலே பிரிந்து டப்சோனை வெளிவிடுகின்றன என்பதும், நோய்க்கோலைத் தாக்குவது பெரும்பாலும் அதுவே என்பதும் இத்தகைய அளவீடுகளால் வலுப்பெற்றன. அங்ஙனமாயின் விலையுயர்ந்த மேலாடை எதற்கு? நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் டப்சோனை வாய்வழி கொடுத்தாலே போதும் என்பதை லோ 1950 ஆம் ஆண்டிலே உலகுக்கு அறிவித்தார். சில சதங்களுக்குக் கிடைக்கும் மாத்திரை! மாந்தீவு போன்ற இடங்களுக்கு மருந்து வந்து சேர வழி திறந்தது இந்தக் கணக்கினாலேயே.

அக்கணக்கின் உள்ளே சற்று நுழைந்து பார்ப்பது மாணாக்கருக்கு நன்று. குருதியிலுள்ள டப்சோன் பாதியாகக் குறையச் செல்லும் காலம் சராசரி ஏறத்தாழ 28 மணி. ஆளுக்காள் இது 10 மணி தொடக்கம் 50 மணி வரை வேறுபடும். கணக்கை எளிதாக்க ஒரு நாள் என்று கொள்வோம். முதல் நாள் மாத்திரை குருதியில் ஓரலகு தருகின்றது என்க. மறுநாள் அதில் அரை எஞ்சியிருக்க, இரண்டாம் மாத்திரை சேர்ந்து ஒன்றரையாகும். மூன்றாம் நாள் முக்கால் எஞ்ச, ஒன்றேமுக்காலாகும். இவ்வாறே ஏறி ஏறி இரண்டை நெருங்கி அதற்கு மேற் செல்லாது நிற்கும். ஏனெனில் அந்நிலையில் ஒரு நாளிற் கழிவதும் ஒரு நாளிற் சேர்வதும் சமமாகிவிடுகின்றன. வாவிக்கு வரும் ஆற்றுநீரும் முகத்துவாரத்தால் ஓடும் நீரும் ஒத்துவிட்ட நிலை இது. நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் உண்போரின் திரவவிழையத்தில் இந்நிலை மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய ஒன்று முதல் மூன்று மைக்கிரோகிராம் வரையில் அமைகின்றது. இதற்கு ஐந்தாறு நாட்கள் செல்லும். மாத்திரை தொடங்கிய மறுநாளே குருதியை அளந்து மருந்து போதாதென்று கூட்டுவோர், ஒரு வாரத்தின் பின் நஞ்சைக் காண்பர். 1937 ஐ ஒட்டிய நாட்களிற் கிராம் கணக்கில் மருந்து உண்டோர்க்கு நேர்ந்தது இதுவே.

அளவீட்டிலே மறைந்து நிற்கும் பொறிகள் சில உண்டு. ஈரல் டப்சோனின் ஒரு முனையிலே அசற்றைல் கூட்டம் ஒன்றை ஒட்டுகின்றது. அம்முனை நிறம் தரும் ஆற்றலை இழந்தாலும் மற்றைய முனை அதனை இழப்பதில்லை. ஆகவே பிறற்றன், மார்ஷல் முறையிலே தோன்றும் நிறம் தூய டப்சோனையும் அதன் அசற்றைல் உருவையும் சேர்த்தே காட்டும். வேறு நோய்க்குச் சல்பா மாத்திரை உண்டவரின் குருதியும் அதே நிறத்தைத் தரும். இதனைத் தவிர்க்க, சேதனக் கரைப்பான்களைக் கொண்டு டப்சோனை மட்டும் பிரித்தெடுத்து அளக்கும் வழிகள் பின்னர் வகுக்கப்பட்டன. அவ்வாறு பிரித்தளந்தபோது மனிதருள்ளே இரு வகுப்பினர் உளர் என்பது 1971 ஆம் ஆண்டளவிலே தெளிவாயிற்று. சிலரது ஈரல் அசற்றைல் ஒட்டும் தொழிலை விரைந்து செய்யும். சிலரது மெல்லச் செய்யும். இது பரம்பரையால் வருவது. விரைந்து மாற்றுவோர்க்கு மருந்து விரைவிலே தீர்ந்துவிடும் என்றே எவரும் நினைப்பர். அளந்தபோது அவ்வாறு இருக்கவில்லை. அரைவாழ்வுக் காலம் இரு வகுப்பினர்க்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அசற்றைல் உரு மீண்டும் டப்சோனாக மாறவும் வல்லது என்பதே காரணம். ஊகம் எத்துணை நேர்த்தியாயிருப்பினும் குழாயிலே தோன்றும் நிறத்துக்கு முன் அது நிற்பதில்லை.

மற்றுமொன்று. திரவவிழையத்திலுள்ள டப்சோனில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு புரதங்களோடு பிணைந்தே திரிகின்றது. பிணையாத பகுதியே திசுக்களுள் நுழையும். சாதாரண அளவீடு இரண்டையும் கூட்டியே சொல்லும். குருதியின் அளவு சரியாயிருந்தும் சிலருக்குச் செங்குழியங்கள் உடைவதுண்டு. செங்குழியத்தைக் காக்கும் ஜீ-6-பீ-டீ என்னும் நொதியம் பிறப்பிலேயே குறைந்தோர் அவர். மலேரியா நெடுங்காலம் ஆட்சி செய்த நாடுகளில் இத்தகையோர் உளர். இலங்கை மலேரியாவிலிருந்து விடுபட்ட நாடென 2016 ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. கொசு கொண்டுவந்த நோய் அகன்றாலும், அந்நோயோடு போராடிய தலைமுறைகள் விட்டுச்சென்ற இக்குறை குருதியிலே தொடர்கின்றது. இவர்க்கு டப்சோன் கொடுக்குமுன் அறிய வேண்டுவது மருந்தின் செறிவன்று, நொதியத்தின் அளவு.

இனிவருவது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. தொழுநோய்க் கோலை ஹான்சன் 1873 ஆம் ஆண்டிலே கண்டாராயினும், அதனை ஆய்வுகூடத் தட்டிலே வளர்க்க எவராலும் இயலவில்லை. மருந்து எவ்வளவு இருந்தால் கோலின் வளர்ச்சி நிற்கும் என்பதை அறியவும் வழியில்லாதிருந்தது. 1960 ஆம் ஆண்டிலே ஷெப்பாட் என்னும் அமெரிக்கர் சுண்டெலியின் உள்ளங்காலிலே அக்கோலைப் பெருகச் செய்தார். பின்னர் அவ்வெலிகளின் உணவிலே டப்சோனைக் கலந்து பார்த்தபோது, உணவில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மருந்தும் வளர்ச்சியைத் தடுத்தது. அவ்வெலிகளின் குருதியிலுள்ள மருந்து நிறமானியின் கண்ணுக்குத் தென்படாத அளவினது. புறவூதாவொளி பட்டவிடத்து டப்சோன் தானும் ஒளிர்கின்ற இயல்பைப் பயன்படுத்திய ஒளிர்மானி முறைகளாலேயே அத்துணைச் சிறு செறிவுகளை அணுக முடிந்தது. கோலைத் தடுக்கத் தேவையானது மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 0.003 மைக்கிரோகிராம் மட்டுமே என்று மதிப்பிடப்பட்டது. 100 மில்லிகிராம் உண்பவரின் குருதியில் இருப்பதோ இதனிலும் சில நூறு மடங்கு.

இவ்வெண்ணைக் கண்டோர் சிலர், இத்துணை மிகை எதற்கு என்று எண்ணினர். சிற்றளவு கொடுத்தால் நோயாளருக்கு வரும் எதிர்விளைவுகளும் குறையலாம் என்று நம்பினர். நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் போன்ற அளவுகளும் பரீட்சிக்கப்பட்டன. கணக்கு பிழையன்று, கணக்கின் பொருளே பிழையாகக் கொள்ளப்பட்டது. தடுக்கும் செறிவு என்பது பெரும்பான்மைக் கோல்களைத் தடுக்கும் செறிவு. கோடிக்கணக்கான கோல்களுள்ளே மருந்துக்குச் சிறிது பணியாதன சில எப்போதும் இருக்கும். மிகை என்று தோன்றிய செறிவே அவற்றை அடக்கி வைத்திருந்தது. மட்டம் தாழ்ந்ததும் அவை தலைதூக்கின. 1964 ஆம் ஆண்டிலே மலாயாவின் சுங்கை பூலோவிலிருந்து பெற்றிற், றீஸ் என்னும் இருவர், டப்சோனுக்குப் பணியாத தொழுநோயை எலியின் காலிலே நிறுவிக் காட்டினர். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளிற் பல நாடுகளிலிருந்தும் அத்தகைய செய்திகள் வந்தன. குணமானவர் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டோருட் சிலர் மீண்டும் படைகளோடு வந்தனர். பிணைக்கப்பட்ட கதவு ஒன்று திறந்து மறுபடி மூடுவது போன்றது அது.

எனினும் குற்றம் முழுதும் வைத்தியர் எழுதிய அளவினதன்று. எழுதிய மாத்திரை உண்ணப்பட்டதா என்பதையும் ஆய்வுகூடம் கேட்டது. எலாட் என்னும் ஆங்கிலேயரும் அவர் உடனாய்வாளரும் 1970 களிலே, நோயாளரின் சிறுநீரில் டப்சோனின் வழிப்பொருள்களை அதே பிறற்றன், மார்ஷல் நிறத்தினால் அளந்து, உடல் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவாகக் கழிக்கும் கிரியாற்றினீனோடு ஒப்பிட்டனர். நீர் மிகுதியாகக் குடித்தவரின் சிறுநீர் நீர்த்திருப்பினும் இவ்விகிதம் ஏமாறுவதில்லை. குருதியெடுக்க ஊசியும் வேண்டியதில்லை. பல இடங்களிலே நோயாளர் தமக்குக் கொடுக்கப்பட்ட மாத்திரைகளில் ஏறத்தாழப் பாதியையே உண்கின்றனர் என்ற செய்தி வெளிப்பட்டது.

நோயாளரைப் பழிப்பது எளிது. சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். வலியில்லாத நோய் இது. வலி இல்லையென்பதே இதன் கேடு. மாத்திரையை விட்ட மறுநாள் எந்தத் துன்பமும் தோன்றுவதில்லை. அறுவடைக் காலத்தில் வயலை விட்டுச் செல்லும் ஒரு நாள் ஒரு நாட் கூலி. மருந்துப் போத்தலை அயலார் கண்டால் மகளின் கலியாணம் நின்றுவிடும் என்ற அச்சம் வேறு. ஆண்டுக்கணக்கில், சிலருக்கு ஆயுள் முழுதும், நாள்தோறும் உண்ணவேண்டிய மாத்திரை அது. கணக்கின்படி, 100 மில்லிகிராம் ஒழுங்காக உண்டவர் நிறுத்தினாலும் பத்து நாள் வரையில் குருதியின் செறிவு தடுக்கும் மட்டத்துக்கு மேலேயே நிற்கும். ஆதலால் ஒரு நாள் மறந்தவரால் தீமை விளையவில்லை. மாதக்கணக்கில் விட்டவராலும் சிற்றளவு பெற்றவராலுமே விளைந்தது.

தனியொரு மருந்தினாற் பயனில்லை என்று தெளிந்தபின், 1981 ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக் குழு பன்மருந்துச் சிகிச்சையை விதந்துரைத்தது. றிபம்பிசின் மாதம் ஒருமுறை 600 மில்லிகிராம், சுகாதார ஊழியரின் கண்ணெதிரே. குளோபசிமீனும் டப்சோனும் வீட்டிலே நாள்தோறும். இங்கும் குருதி அளவீட்டாளர்க்கு வேலை இருந்தது. றிபம்பிசின் ஈரலின் நொதியங்களைத் தூண்டுவதால், டப்சோனின் அரைவாழ்வுக் காலம் ஏறக்குறையப் பாதியாகக் குறைவதை அவர் கண்டனர். மாத்திரையை இரட்டிக்க வேண்டுமோ என்ற வினா எழுந்தது. குறைந்த பின்னும் செறிவு தேவைக்கு மிக மேலே நிற்கின்றது என்று அளவீடே காட்டியமையால் 100 மில்லிகிராம் மாற்றமின்றி நின்றது. முன்பு மிகை என்று சிலர் கருதியது ஈண்டுக் கைகொடுத்தது. குளோபசிமீனோ வேறு இயல்பினது. அது கொழுப்பிலும் தோலிலும் சென்று படிந்து கிடக்கும். தோல் கருமை கொள்வது அதனாலேயே. அதன் திரவவிழைய அளவைப் பார்த்து உடலிலுள்ள இருப்பை மதிப்பிடுவோர், வாவியின் மேல்நீரைப் பார்த்து அடிச்சேற்றை மதிப்பிடுவோராவர்.

ஆய்வுகூடக் கருவிகளும் மாறின. உயரழுத்தத்தில் திரவத்தை நுண்குழலினூடே செலுத்தி ஒவ்வொரு பொருளையும் தனித்தனி நேரத்தில் வெளிவரச் செய்யும் நிறப்பிரிப்பு முறை 1970 களில் டப்சோனுக்கும் வந்தது; டப்சோனும் அதன் அசற்றைல் உருவும் இரு வேறு கூர்முனைகளாகத் தாளிலே எழுந்தன. இன்று திணிவு நிறமாலைமானி மூலக்கூற்றின் திணிவைக் கொண்டே அதனை இனங்காண்கின்றது. விரல் நுனியிலிருந்து வடிதாளில் ஒற்றிய ஒரு துளி குருதியே சில மருந்துகளுக்குப் போதுமாகின்றது. டிஜொக்சின், லிதியம், வலிப்புக்குக் கொடுக்கும் பெனிற்றோயின், மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர் உண்ணும் சைக்கிளோஸ்போரின் முதலியனவற்றை அளந்தே கொடுக்கவேண்டியிருக்கின்றது. ஏனெனில் அவற்றிலே பயன்படும் செறிவுக்கும் நஞ்சாகும் செறிவுக்கும் இடையேயுள்ள வெளி மிகக் குறுகியது. பெனிற்றோயினுக்கு அவ்வெளி மில்லிலீற்றருக்கு 10 முதல் 20 மைக்கிரோகிராம் என்பது வழக்கம். ஓரளவுக்கு மேல் ஈரல் நிறைவுற்றுவிடுவதால், மாத்திரையிற் சிறிது கூட்டினாலும் குருதியிற் பெரிது கூடிவிடும். டப்சோனுக்கோ வெளி அகன்றது. தொழுநோயாளர் ஒவ்வொருவரின் குருதியையும் அளக்கும் வழக்கம் இல்லாதிருப்பதன் காரணம் அதுவே. முன்னர் அளந்தோரின் உழைப்பினால் அளவாமலே கொடுக்கத்தக்க அளவு ஒன்று கிடைத்தது.

பன்மருந்துச் சிகிச்சை 1980 களின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தது. பத்தாயிரம் மக்களுக்கு ஒரு நோயாளருக்குக் குறைவு என்னும் நிலையை நாடு 1995 ஆம் ஆண்டிலே எட்டிற்று. மாந்தீவிலே புதிதாகச் சேர்க்கப்படுவோர் அருகினர். கோல் முற்றாக நீங்கியும் அங்கு எஞ்சியிருந்தோர், விரல்களை இழந்தோரும் திரும்பிச் செல்ல வீடில்லாதோருமாவர்; அவர்தம் குருதியிலே அளக்க எந்த மருந்தும் இல்லை. ஆயினும் கிழக்கு மாகாணத்திலே, மட்டக்களப்பு, கல்முனைப் பகுதிகளில், புதிய நோயாளர் இன்றும் காணப்படுகின்றனர்; அவருட் பிள்ளைகளும் உளர். அவருக்குத் தோணி தேவையில்லை. மாதம் ஒருமுறை வைத்தியசாலைக்கு வந்து, ஊழியரின் முன்னே அம்மாதத்து மருந்தை விழுங்கி, எஞ்சிய மாத்திரைகள் அடங்கிய அட்டையை மடியிலே வைத்துக்கொண்டு அடுத்த பேருந்திலே வீடு திரும்புகின்றனர். நோயின் வகைக்கேற்ப ஆறு மாதம், அல்லது பன்னிரண்டு மாதம்.